அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். நான் எங்கிருந்து ஆரம்பிப்பது?

நிழல்மரம் | வெள்ளி, இரவு 11.52

அப்பாவுக்கு வயது 63. ஒரு மாதமாக இருமல் நிற்கவில்லை. ஒருநாள் காலையில் கைக்குட்டையில் நூல் போல ஒரு ரத்தக் கோடு. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், பயாப்சி என்று ஒவ்வொன்றாக எடுத்து, போன வியாழக்கிழமை முடிவு வந்தது. நுரையீரல் புற்றுநோய். 40 வருடத்துக்கு மேல் புகைத்தவர்.

எனக்கு 36. 17 வயதில் ஆரம்பித்தேன். நாளுக்கு எட்டு, ஒன்பது சிகரெட். மருத்துவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து நான் முதலில் செய்தது ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்ததுதான். பாதி எரிந்தபோதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்றே உறைத்தது. ஆனாலும் அதை முடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அன்றிலிருந்து தூக்கமில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். வீட்டில் சர்க்கரையை நிறுத்திவிட்டேன், அப்பாவுக்கும் சேர்த்து. பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கிப் போட்டேன். போனைத் தலைமாட்டில் வைப்பதில்லை. வைட்டமின் மாத்திரை நான்கு வகை வாங்கி வைத்திருக்கிறேன். எதைப் படித்தாலும் அது புற்றுநோய் தரும் என்கிறார்கள், இல்லையென்றால் அதைக் குணப்படுத்தும் என்கிறார்கள். எதை முதலில் மாற்றுவது? எது உண்மையிலேயே எடை உள்ளது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் சித்தி அப்பாவைப் பார்க்க வந்தபோது, அவர் முகத்துக்கு நேராகவே "நீங்களாகத் தேடிக்கொண்டது" என்று சொல்லிவிட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சித்தி சொன்னது சரியா?


கடல்காக்கை | வெள்ளி, நள்ளிரவு 12.20

தம்பி, முதலில் உங்கள் அப்பா சிகிச்சை நல்லபடியாக அமைய வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். சர்க்கரை, பிளாஸ்டிக், போன், வைட்டமின் என்று ஒரு வாரத்தில் நான்கை மாற்றியிருக்கிறீர்கள். சிகரெட்டை விடுவதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. குறை சொல்ல எழுதவில்லை. 26 வருடம் புகைத்தவன் நான். இதே மாதிரிதான் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தேன். உங்கள் கேள்விக்கு என் பதில் அதுதான். அதிலிருந்து ஆரம்பியுங்கள்.


ஆய்வுக்கூடம் | சனி, காலை 6.35

நோய்க்குறியியல் ஆய்வகத்தில் 19 வருடமாக வேலை செய்கிறேன். பயாப்சி என்று எடுக்கும் அந்தச் சிறு துணுக்கு எங்களிடம்தான் வரும். மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி ஸ்லைடில் வைப்போம். புகைப்பவர்களின் மூச்சுக்குழாய்த் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், நோய் வருவதற்கு எவ்வளவோ முன்பே மாற்றம் தெரியும். மூச்சுக்குழாயின் உள் பக்கத்தில் இயல்பாக ஒரு வரிசை செல்கள், தலையில் மெல்லிய முடிகளோடு நிற்கும். சளியையும் தூசியையும் மேலே தள்ளிவிடுவது அந்த முடிகள்தான். புகை பட்டுப் பட்டு அவை உதிர்ந்து, தோலைப் போலத் தட்டையான செல்கள் அடுக்கடுக்காக அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உடல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு அது. ஆனால் குப்பையை வெளியே தள்ளும் ஆள் போய்விட்டதால் நஞ்சு அங்கேயே தங்கும்.

சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உண்டு. அவற்றில் ஏறக்குறைய 70 புற்றுநோய் உண்டாக்குபவை. பென்சோபைரீன் என்று ஒன்று. உடல் அதை வெளியேற்றுவதற்காக உடைக்கும்போது வரும் பொருள் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்ளும். பி53 என்ற மரபணுவில், நுரையீரல் புற்றுக் கட்டிகளில் அடிக்கடி பழுதாகிக் காணப்படும் அதே இடங்களில் அது ஒட்டுகிறது என்று 1996-லேயே காட்டிவிட்டார்கள். செல் கெட்டுப்போனால் பெருகவிடாமல் நிறுத்தும் காவல் மரபணு அது. 2016-ல் வந்த இன்னொரு ஆய்வு, நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் ஒரு வருடம் புகைத்தால் நுரையீரலின் ஒவ்வொரு செல்லிலும் சராசரியாக 150 மரபணுத் திரிபுகள் சேர்கின்றன என்று கணக்கிட்டது. நீங்கள் அதில் பாதிக்கும் குறைவாகப் புகைக்கிறீர்கள். ஆனால் 19 வருடம் ஆகிவிட்டது. நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை, நாளுக்கு எத்தனை என்பதைவிட எத்தனை வருடம் என்பதுதான் அதிகம் தீர்மானிக்கிறது. அதனால்தான் "குறைத்துவிட்டேன்" என்று யாராவது சொன்னால் எனக்கு நிம்மதி வருவதில்லை. "லைட்" என்று போட்டு விற்றதும் எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. நிகோட்டின் போதாமல் ஆழமாக இழுத்தார்கள், அவ்வளவுதான்.

இனி நல்ல செய்தி. 1951-ல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் பிரிட்டனில் 34,000-க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களைப் பின்தொடரத் தொடங்கினார்கள். 50 வருடம் தொடர்ந்த அந்த ஆய்வின் முடிவு 2004-ல் வந்தது. விடாமல் புகைத்தவர்கள் சராசரியாக 10 வருடம் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்கள் அதில் 3 வருடத்தை மீட்டார்கள், 50-ல் விட்டவர்கள் 6, 40-ல் விட்டவர்கள் 9. உங்களுக்கு 36. இழந்ததில் பெரும்பகுதியைத் திரும்ப எடுக்கக்கூடிய வயதில் இருக்கிறீர்கள்.

2020-ல் வந்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். புகைப்பதை விட்டவர்களின் மூச்சுக்குழாய் செல்களை எடுத்துப் பார்த்தபோது, சிலரிடம் 40 சதவீதம் வரை செல்கள் புகைக்காதவரின் செல்களைப் போலவே இருந்தன. இன்னும் புகைப்பவர்களிடம் இருந்ததைப் போல நான்கு மடங்கு. கெட்ட செல்களே சரியாகிவிட்டன என்பதல்ல அது. எங்கோ பதுங்கியிருந்த நல்ல செல்கள் பெருகி அந்த இடத்தை நிரப்புகின்றன. புகை நிற்கட்டும் என்று அவை காத்திருந்தது போல எனக்குத் தோன்றும்.


எட்டுத்திக்கு | சனி, காலை 9.10

எல்லாரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா 91 வயது வரை புகைத்தார், தூக்கத்தில் போனார். என் நண்பனின் மனைவி எந்தப் பழக்கமும் இல்லாதவர். 44 வயதில் நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். புற்றுநோயில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் துரதிர்ஷ்டம் என்று 2015-ல் ஓர் ஆய்வே வந்தது. வருவது வந்தே தீரும் என்றால், மனிதர்களை இப்படிப் பயமுறுத்துவதில் என்ன நியாயம்? நான் கேட்பது உண்மையான கேள்வி.


புள்ளிக்கணக்கு | சனி, காலை 10.45

எட்டுத்திக்கு, நண்பரின் மனைவிக்கு நேர்ந்தது கேட்டு வருத்தமாக இருக்கிறது. கேள்விக்கு நேராகவே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

அந்த ஆய்வு தொமசெட்டி, வோகல்ஸ்டீன் என்ற இருவர் செய்தது. அவர்கள் கேட்ட கேள்வி வேறு. பெருங்குடலில் புற்றுநோய் அதிகம், சிறுகுடலில் மிகக் குறைவு, ஏன்? ஓர் உறுப்புக்கும் இன்னோர் உறுப்புக்கும் இடையிலான வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை, அங்கே ஸ்டெம் செல்கள் (புதுச் செல்களை உண்டாக்கும் மூலச் செல்கள்) எத்தனை முறை பிரிகின்றன என்பதைக் கொண்டு விளக்கலாம் என்றார்கள். ஒவ்வொரு பிரிவிலும் தற்செயலாகப் பிழை நேரும் அல்லவா, அது. மூன்றில் இரண்டு நோயாளிகளுக்குத் துரதிர்ஷ்டத்தால் வந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. செய்தித்தாள்கள்தான் அப்படிப் போட்டன.

தாத்தா விஷயம். புகைப்பவர்களில் பெரும்பாலோருக்கு நுரையீரல் புற்றுநோய் வருவதில்லை, அது உண்மை. பிரிட்டன் ஆண்களை வைத்து 2000-ல் வந்த கணக்கு இது. வாழ்நாள் முழுக்கப் புகைப்பவர்களில், வேறு எதிலும் இறக்காமல் இருந்தால், 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயில் இறப்பவர்கள் 100-ல் 16 பேர். 60 வயதில் விட்டால் 10. 50-ல் விட்டால் 6. 40-ல் விட்டால் 3. 30-ல் விட்டால் 2-க்கும் கீழே. உங்கள் தாத்தா மீதி 84 பேரில் ஒருவர். அப்படிப்பட்டவர்கள் நம்மோடு 91 வயது வரை இருப்பார்கள், கதை சொல்வார்கள், நாம் பார்ப்போம். 58-ல் போனவர் கதை சொல்ல வருவதில்லை. அந்த 84 பேரிலும் மாரடைப்பு, பக்கவாதம், மூச்சடைப்பு என்று புகையால் போகிறவர்கள் உண்டு, அது இந்தக் கணக்கில் சேரவில்லை.

புகைக்காதவருக்கும் வரும். அடுத்தவர் விடும் புகை, காற்று மாசு, தரையிலிருந்து கசியும் ரேடான் வாயு, பிறவியிலேயே வரும் மரபணுக் கோளாறு, அப்புறம் தற்செயல். எல்லாம் உண்டு. பழக்கத்தை மாற்றினால் சீட்டுக் குலுக்கலே நின்றுவிடாது. ஆனால் குடத்துக்குள் நம் பெயர் எழுதிய சீட்டு 16 இருக்கிறதா 3 இருக்கிறதா என்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.


செவ்வந்திப்பூ | சனி, பிற்பகல் 2.30

நான் சித்தி விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். மற்றதை விவரம் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது 41 வயதில். புகைத்ததில்லை, குடித்ததில்லை, தினமும் நடப்பேன், இரண்டு குழந்தைகளுக்கும் தாய்ப்பால் கொடுத்தேன். கீமோ முடிந்து தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம், பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். "என்ன சாப்பிட்டாய்? ரொம்பக் கவலைப்படுவாயோ? மனசில் எதையாவது அடக்கி வைத்தாயா?" எனக்கு வந்ததற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் தங்களுக்கு வராது என்று நம்பிவிடலாம், அதற்காகத்தான் கேட்டார்கள் என்று இப்போது புரிகிறது. அப்போது அது என்னைக் கொன்றது. இரவில் படுத்துக்கொண்டு என் வாழ்க்கையில் குற்றத்தைத் தேடுவேன்.

உங்கள் அப்பா புகைத்தார். அதனால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டும் உண்மை. ஆனால் அவர் எந்த வயதில் ஆரம்பித்தார் என்று கேட்டுப் பாருங்கள். 16, 18 வயதில், சுற்றிலும் எல்லாரும் புகைத்த காலத்தில் பற்ற வைத்திருப்பார். மூளை முழுசாக வளர்வதற்கு முன்னால் நிகோட்டின் பிடித்துவிட்டால் விடுவது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே தெரியும். காரணம் என்பது வேறு, குற்றம் என்பது வேறு. காரணத்தைத் தெரிந்துகொள்வது உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உதவும். குற்றத்தை அவர் தலையில் சுமத்தினால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவருக்கு இப்போது மூச்சு விடவே பலம் வேண்டும்.

சித்தியிடம் நீங்கள் பேச வேண்டும். கோபமாக வேண்டாம். "அவருக்குத் தெரியாததை நீங்கள் சொல்லவில்லை சித்தி" என்று மட்டும் சொல்லுங்கள்.


நிழல்மரம் | சனி, இரவு 8.15

அக்கா, இதைப் படித்துவிட்டு அப்பாவிடம் போய்க் கேட்டேன். 15 வயதில் ஆரம்பித்தாராம். முதல் வேலையில் இடைவேளை என்றாலே அது புகைக்கும் நேரம்தான், புகைக்காதவனுக்கு இடைவேளை கிடையாது என்றார். இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

கடல்காக்கை அண்ணா, நீங்கள் சொன்னது குத்தியது, ஆனால் உண்மை. விடப் போகிறேன். ஒரு சந்தேகம். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு கொஞ்சம் குடிப்பேன். அது அளவோடுதான். ஒயின் இதயத்துக்கு நல்லது என்றுகூடப் படித்திருக்கிறேன். அதையும் இதோடு சேர்க்க வேண்டுமா?


ஆய்வுக்கூடம் | சனி, இரவு 10.05

சேர்க்க வேண்டும். மது புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே, சான்று உறுதியாக உள்ளவற்றுக்கான முதல் குழுவில் வைத்துவிட்டது. இத்தனை வருடம் ஆகியும் சிகரெட் பற்றித் தெரிந்த அளவில் பாதிகூட மக்களுக்கு இது தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம். 2020-ல் உலகெங்கும் புதிதாக வந்த புற்றுநோய்களில் 7,40,000-க்கு மேல், அதாவது ஏறக்குறைய 4 சதவீதம், மதுவால் வந்தவை என்று கணக்கிட்டார்கள்.

உடல் ஆல்கஹாலை உடைக்கும்போது அசிட்டால்டிஹைடு என்ற பொருள் வரும். அது டி.என்.ஏ.வைக் கெடுக்கும், கெட்டதைச் சரிசெய்யும் வேலையையும் தடுக்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் அளவும் ஏறும், மார்பகப் புற்றுநோய்க்கு அது ஒரு வழி. ஒயினா, பீரா, விஸ்கியா என்பதில் வேறுபாடு இல்லை. உள்ளே இருக்கும் எத்தனால் ஒன்றுதான். புற்றுநோயைப் பொறுத்தவரை இந்த அளவுக்குக் கீழே ஆபத்தே இல்லை என்று காட்ட முடியாததால்தான், எந்த அளவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது. அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும், குறைத்தால் குறையும். சனிக்கிழமை இரண்டு கோப்பை குடிப்பவரும் தினமும் அரை பாட்டில் குடிப்பவரும் ஒன்றல்ல.

உங்களுக்குக் கூடுதலாக ஒன்று. புகையும் மதுவும் சேரும்போது வாய்க்கும் தொண்டைக்கும் ஆபத்து கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. புகையில் உள்ள நஞ்சு வாயின் மெல்லிய சவ்வுக்குள் எளிதாக நுழைய மது வழி விடுகிறது.


கடல்காக்கை | ஞாயிறு, காலை 7.00

நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. நான் நான்கு முறை விட்டு, நான்கு முறையும் திரும்பப் பிடித்தேன். மூன்று முறை கையில் கோப்பை இருந்தபோதுதான். இரண்டாவது கோப்பையில் "ஒன்றே ஒன்று" என்று தோன்றும். ஐந்தாவது முறை, முதல் மூன்று மாதம் குடிக்கும் இடத்துக்கே போகவில்லை. அந்த முறைதான் நிலைத்தது. ஒன்பது வருடம் ஆகிறது.

எனக்கு உதவியதைச் சொல்கிறேன். முதலில் ஒரு தேதி குறித்தேன். முந்தின இரவு லைட்டர், சாம்பல் கிண்ணம், சட்டைப் பைகளில் கிடந்த பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் வெளியேற்றினேன். முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம், எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை எல்லாம் அப்போதுதான். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு தடவை ஏக்கம் வந்தால் சில நிமிடம்தான் நிற்கும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக, ஒவ்வொரு வாயாகக் குடிப்பேன். டம்ளர் காலியாகும்போது ஏக்கம் பாதி இறங்கியிருக்கும். சாப்பிட்டு முடித்ததும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். அந்த நேரம்தான் எனக்கு மிகக் கடினம். சாப்பிட்ட உடனே எழுந்து பல் துலக்க ஆரம்பித்தேன்.

வெறும் மன உறுதியை மட்டும் நம்பாதீர்கள். நிகோட்டின் பேட்ச், சூயிங்கம், மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை எல்லாம் விடுவதற்கான வாய்ப்பைக் கூட்டும் என்று பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. முதல் மூன்று முறை அதையெல்லாம் எடுப்பதே கேவலம் என்று நினைத்தேன். அந்த நினைப்பால் எனக்குப் போனது ஏழு வருடம்.


மாலைநடை | ஞாயிறு, காலை 11.30

நிழல்மரம், அந்த நான்கு வைட்டமின் பாட்டிலில் பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். நீங்களும் அப்பாவும் புகைப்பவர்கள் என்பதால்தான் கேட்கிறேன்.

காய்கறி, பழம் அதிகம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்டு, அதற்குக் காரணம் பீட்டா கரோட்டினாக இருக்கும் என்று நம்பினார்கள். பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் வைத்துச் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம் வந்திருந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையில் 28 சதவீதம் அதிகம். அதை 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். உணவில் இருக்கும்போது நல்லதாகத் தெரிந்த ஒன்று, பிரித்து மாத்திரையாகக் கொடுத்தபோது புகைப்பவர்களைக் காக்கவில்லை, அவர்களுக்கே கெடுதல் செய்தது.

சர்க்கரை விஷயத்தில் எனக்குக் கவலை உங்கள் அப்பாவைப் பற்றித்தான். புற்றுசெல் சர்க்கரையை அதிகம் எரிக்கும் என்பது 1920-களில் ஓட்டோ வார்பர்க் கண்ட உண்மை. அதை வைத்து, சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்று பரப்புகிறார்கள். உடலின் எல்லாச் செல்லுக்கும் குளுக்கோஸ் வேண்டும். நாம் சாப்பிடாவிட்டால் தசையைக் கரைத்தாவது உடல் அதைத் தயாரித்துக்கொள்ளும். சிகிச்சைக் காலத்தில் எடை இறங்குவதுதான் ஆபத்து. அவருக்கு எது தொண்டையில் இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். எதையாவது நிறுத்துவதென்றால் அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

உங்களுக்கு வேண்டுமானால் சர்க்கரையைக் குறைப்பது நல்லதே, உடல் எடைக்காக. அதிக எடை 13 வகைப் புற்றுநோய்களோடு தொடர்புடையது என்று 2016-ல் அதே பன்னாட்டு முகமை சொன்னது. கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் அங்கிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. இன்சுலினையும் உள் அழற்சியையும் அது ஏற்றிவிடும். செல்களைப் பெருகு பெருகு என்று தூண்டுபவை இவை. உடற்பயிற்சி பெருங்குடல், மார்பகம், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்களைக் குறைக்கிறது என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. எடை குறையாவிட்டாலும் பலன் உண்டு. வாரம் 150 நிமிடத்திலிருந்து 300 நிமிடம் வரை, வேர்க்கும் அளவுக்கு நடந்தால் போதும்.


எட்டுத்திக்கு | ஞாயிறு, மாலை 4.40

புள்ளிக்கணக்கு எழுதியதை நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த 58-ல் போனவர் கதை சொல்ல வருவதில்லை என்ற இடம். என் தாத்தாவின் தம்பி அப்படித்தான் போனார். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. நான் எழுதும்போது அவர் நினைவுக்கே வரவில்லை.

ஆனால் ஒன்று இன்னும் புரியவில்லை. பதப்படுத்திய இறைச்சியும் முதல் குழு, சிகரெட்டும் முதல் குழு. அப்படியானால் இரண்டும் ஒன்றா? இதனால்தான் ஜனங்கள் எதையும் நம்புவதில்லை.


புள்ளிக்கணக்கு | ஞாயிறு, மாலை 6.10

மறைக்காமல் எழுதியதற்கு நன்றி.

அந்தக் குழுக்கள் சொல்வது, இது புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதி என்பதை மட்டும்தான். எவ்வளவு உண்டாக்கும் என்பதை அல்ல. பாம்புக் கடியும் எறும்புக் கடியும் வலிக்கும் என்பது இரண்டுமே உறுதியாகத் தெரிந்த விஷயம். அதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது.

பதப்படுத்திய இறைச்சி 2015-ல் அந்தக் குழுவில் சேர்ந்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்றார்கள். வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 சதவீதம் கூடினால் 5 என்பது ஏறக்குறைய 6 ஆகும். புகைப்பதால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து சதவீதத்தில் கூடுவதில்லை, 15 மடங்கு, 20 மடங்கு, அதற்கு மேலும் கூடுகிறது. "இத்தனை சதவீதம் அதிகம்" என்று எங்கே பார்த்தாலும், எதிலிருந்து அதிகம் என்று கேளுங்கள். போன் 2011-ல் இடம் பெற்ற குழுவோ "இருக்கலாம்" என்பதுதான், சான்று மிகக் குறைவு. நிழல்மரம் அதைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும்.


செவ்வந்திப்பூ | ஞாயிறு, இரவு 9.00

பழக்கம் என்றதும் நாம் உண்பதையும் குடிப்பதையுமே பேசுகிறோம். தடுப்பூசியை யாரும் எழுதவில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. அதைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தடுப்பூசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் பலன் அதிகம். ஆண்களுக்கும் தொண்டைப் புற்றுநோய் இதே வைரஸால் வருகிறது. கல்லீரலுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. வாழ்நாள் முழுக்க மன உறுதியோடு எதையும் விட வேண்டியதில்லை, சில ஊசிகள்தான். பிள்ளைகள் உள்ளவர்கள் தயவுசெய்து விசாரியுங்கள்.


நிழல்மரம் | திங்கள், காலை 5.50

பீட்டா கரோட்டின் ஒரு பாட்டிலில் இருந்தது. குப்பையில் போட்டுவிட்டேன். அப்பாவுக்கு நேற்று இரவு இனிப்பு கொடுத்தேன், முழுவதும் சாப்பிட்டார். சித்தியிடமும் பேசினேன். அழுதுவிட்டார். பயத்தில் வந்த வார்த்தை என்றார்.

கடைசியாக ஒன்று. அப்பா இன்னும் ஒளிந்து புகைக்கிறார். "வந்தாகிவிட்டது, இனி விட்டு என்ன ஆகப்போகிறது" என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.


ஆய்வுக்கூடம் | திங்கள், காலை 6.20

ஆகும். நோய் கண்ட பிறகும் விடுபவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். தொடர்ந்து புகைத்தால் கதிர்வீச்சின் பலன் குறையலாம், அறுவைக்குப் பின் புண் ஆறத் தாமதமாகும், இன்னொரு இடத்தில் புதிதாகப் புற்று வரவும் வாய்ப்பு கூடும். அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் 2014 அறிக்கை இதைத் தனியாகவே சொன்னது. இதை நீங்கள் சொல்வதைவிட அவருடைய மருத்துவர் சொன்னால் ஏறும். அடுத்த முறை போகும்போது அவர் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

ஆனால் கட்டாயப்படுத்தாதீர்கள். எவார்ட்ஸ் கிரஹாம் என்று ஓர் அறுவை மருத்துவர். புற்றுநோய்க்காக ஒரு முழு நுரையீரலை எடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தவர், 1933-ல். எர்ன்ஸ்ட் வைண்டரோடு சேர்ந்து 1950-ல் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எழுதியவரும் அவரே. வாழ்நாளில் பெரும்பகுதி கடுமையாகப் புகைத்தவர். தன் ஆய்வைப் பார்த்துத்தான் விட்டார். 1957-ல் நுரையீரல் புற்றுநோயிலேயே இறந்தார். அவ்வளவு தெரிந்தவருக்கே அது அவ்வளவு பிந்தித்தான் முடிந்தது.


நிழல்மரம் | 17 நாள் கழித்து, இரவு 10.30

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். அப்பாவுக்கு முதல் சுற்று கீமோ முடிந்தது. வாந்தி இருக்கிறது, ஆனாலும் எழுந்து உட்காருகிறார்.

மருத்துவரிடம் அவர் முன்னாலேயே கேட்டேன். மருத்துவர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தே பதில் சொன்னார். திரும்பி வரும் வழி முழுக்க அப்பா பேசவில்லை. அன்று இரவு என்னைக் கூப்பிட்டு, "நீ எப்போது விடுகிறாய்?" என்றார். "நாளைக்கு" என்றேன். "சரி, அப்போ நானும்" என்றார்.

எனக்கு 14-வது நாள். மருத்துவர் எழுதித் தந்த பேட்ச் ஒட்டியிருக்கிறேன். மூன்றாம் நாள் மிகவும் கஷ்டப்பட்டேன், நல்லவேளை வீட்டில் யாரையும் திட்டவில்லை. அப்பா நடுவில் ஒருநாள் புகைத்துவிட்டார். அவரே வந்து சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரவு சாப்பிட்டதும் இருவருக்கும் அந்த நேரம் வருகிறது. குளியலறைக் கண்ணாடி முன்னால் அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்து, பக்கத்தில் நான் நின்றுகொண்டு, இரண்டு பேரும் பல் துலக்குகிறோம். கீமோவில் அவருக்கு வாய் புண்ணாக இருப்பதால் மென்மையான பிரஷ். மெதுவாகத்தான் தேய்ப்பார். அவர் முடிக்கும் வரை நானும் நிறுத்துவதில்லை.